‘எங்கே?’ என்று கேட்காத வீடு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. வீட்டில் இருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் மியூட் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு வள்ளியம்மை ஆச்சி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். அவர் அப்படி வருகிறவர் இல்லை.

ஆச்சி என்றதும் பாட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் காரைக்குடியில் நகரத்தார் வீட்டில் கல்யாணம் ஆன பெண் எந்த வயதிலும் ஆச்சிதான். இவருக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை.

“ஏத்தா, ஒனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. ஒங்க அண்ணன் போனு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லேன்.”

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடுவது என் பிழைப்பு. அடுத்தவர் போனைத் துப்பறிய எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்டேன்.

ஆச்சியின் கணவர் நாச்சியப்பன் அண்ணன் பழைய பொருள் கடை வைத்திருக்கிறார். எனாமல் தூக்கு, பித்தளை விளக்கு, இடித்த வீடுகளின் கதவு, நிலை என்று கடை நிறையக் கிடக்கும். அன்று காலை வீட்டுக்கு மூன்று பேர் காரில் வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் இந்தி, ஒருவர் தமிழ். மத்திய ஏஜென்சி என்று சொன்னார்களாம். எந்த ஏஜென்சி? ஆச்சிக்குத் தெரியவில்லை.

“பேராவது கேட்டீகளா?”

“வீட்டுக்கு வந்தவுகள்ட்ட பேரு என்னன்னா கேப்பாக? காபி போட்டுக் குடுத்தேன். பலகாரம் வச்சேன். தொடலை. தண்ணி மட்டும் குடிச்சாக.”

“எதுக்கு வந்தாகளாம்?”

“ஏதோ சிலை விசயமாம். அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாக.”

“எங்கேன்னு கேட்கலையா?”

ஆச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வாசல்ல எறங்குற மனுசனப் பாத்து அதை எப்புடித்தா கேக்குறது? ‘தூரமாப் போறீகளா’ன்னு கேட்டேன். ‘இந்தா வந்துர்றேன்’னாக.”

உங்களுக்கும் தெரிந்ததுதானே இது? வெளியே கிளம்புகிறவரிடம் ‘எங்கே போறீங்க’ என்று கேட்டால் போன காரியம் விளங்காது. ரொம்பவும் தெரிய வேண்டும் என்றால் ‘தூரமா?’ என்று கேட்கலாம். கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான், கடைக்குப் போனாலும் அப்படித்தான். அன்று மத்திய ஏஜென்சியோடு போனாலும் அப்படித்தான் என்று ஆகிவிட்டது...

இப்போது மதியம். போன் ஸ்விட்ச் ஆஃப். அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். அந்த இன்சுலின் ஆச்சி வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். அதற்குள் எதிர்வீட்டுச் சுப்பையா சித்தப்பா வந்துவிட்டார். தெருவில் கார் வந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கார் நம்பரைக்கூடச் சொன்னார். அந்தப் பெருமை முகத்தில் தெரிந்தது.

“ஸ்டேசனுக்கெல்லாம் போகாதீக ஆச்சி. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கீக. நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? விசாரிச்சிட்டு அவுகளே அனுப்பிருவாக.”

“அனுப்பலைன்னா?” என்றேன்.

“தப்புப் பண்ணாதவுகள எதுக்குத்தா வச்சிருக்கப் போறாக?”

“சித்தப்பா, போன வருசம் ஒங்க வண்டிய டிராபிக்ல புடிச்சு வச்சாகளே... அப்ப நீங்க என்ன தப்புப் பண்ணுனீக?”

“அது வேற.”

எப்போதும் அது வேறதான். நம் வண்டி வேற, அடுத்தவர் வண்டி வேற.

ஆச்சி உள்ளே போனார். சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தேன். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. இன்சுலினை ஐஸ் கட்டியோடு ஃப்ளாஸ்க்கில் போட்டுக்கொண்டு வந்து, “வண்டிய எடு ஆத்தா” என்றார். சித்தப்பாவிடம், “மகளுக்கு மாப்பிள்ளை அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல அப்பா வேணும்” என்றார். அவ்வளவுதான். சித்தப்பா ஒதுங்கி வழி விட்டார்.

ஸ்டேஷனில் ஒரு ஏட்டம்மா இருந்தார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆச்சிக்கு நாற்காலி போட்டார்.

“சென்ட்ரல்காரங்க காலையில எங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போனாங்க. மதுரை ஆபீசுக்குக் கொண்டு போயிருக்காங்க. உங்ககிட்டச் சொல்லலையா?”

“நாங்க கேக்கலை” என்றார் ஆச்சி. ஏதோ அவர்தான் குற்றவாளி மாதிரி.

ஏட்டம்மா ஒரு நம்பர் கொடுத்தார். வாசலில் நின்று ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தவர் காலையில் வந்த தமிழ் ஆபீசர். நான் யார் என்று சொன்னேன்.

“விசாரணைக்குத்தாம்மா கூட்டிட்டு வந்திருக்கோம்.”

“சரி சார். அவர் வீட்டுக்கு வந்து இன்சுலின் போட்டுட்டுத் திரும்ப வரலாமா?”

“இல்லம்மா. இப்ப அனுப்ப முடியாது.”

“நாளைக்கு வர்றேன்னு அவர் எழுந்து கிளம்பினா விடுவீங்களா?”

“எப்படிம்மா விட முடியும்?”

“அப்ப அவரைக் கைது பண்ணியிருக்கீங்களா சார்?”

அந்தப் பக்கம் அவர் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

டெஸ்டருக்கு இதெல்லாம் பழக்கம். ஒரு சிஸ்டத்தில் ஒன்று உண்டு, அல்லது இல்லை. நடுவில் ஒன்று இருந்தால் அதுதான் ஓட்டை. எழுந்து வீட்டுக்கு வர முடிந்தால் விசாரணை. வர முடியாவிட்டால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அது கைது. கைது என்று ஆகிவிட்டால் சில காரியங்கள் தாமாகவே தொடங்கியாக வேண்டும். ஏன் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். உள்ளூர் போலீஸ் என்றாலும், டெல்லியில் இருந்து வருகிற போலீஸ் என்றாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆபீஸ் பெரிதாக இருப்பதால் விதி சின்னதாகிவிடாது.

“கைதுதாம்மா” என்றார் ஆபீசர். குரல் இறங்கியிருந்தது. “நான் காலையிலேயே அவங்க வீட்டம்மா கேட்பாங்கன்னு பார்த்தேன். அவங்க எதுவுமே கேட்கலை. காபிதான் குடுத்தாங்க.”

“அவங்க கேட்டாத்தான் சொல்லணும்னு சட்டத்துல இல்லையே சார்.”

“இல்லதான்.” மூச்சு விட்டுக்கொண்டார். “மருந்தை எடுத்துட்டு வாங்க. டாக்டர் இருக்காங்க, பாத்துப் போடச் சொல்றேன். வக்கீல் இருந்தா அவரையும் கூட்டிட்டு வாங்க. நாளைக்குக் காலையில கோர்ட்.” அப்புறம் தயங்கி, “அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா? அவர் நல்லா இருக்காருன்னு சொல்லுங்க. சர்க்கரை இல்லாமத்தான் டீ குடுத்தோம்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி அப்போதுதான் அழுதார்.

அந்த ஆபீசர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சாப்பாடு, தூக்கம் இல்லாமல் ஊர் ஊராக அலைகிற வேலை. கத்துகிற வீடுகளைப் பார்த்துப் பழகியவர். கத்தாத வீட்டில் சொல்லாமல் நகர்ந்துவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு கேள்வி வராதா என்று அவரும் காத்திருந்திருக்கிறார். கேள்வி வரவில்லை. ஆனால் மரியாதையான ஜனங்களுக்கு மட்டும் விதி ஒரு படி குறைந்துபோனால் அது என்ன நியாயம்?

மதுரைக்குப் போனோம். ஆச்சியின் உறவில் ஒரு வக்கீல் வந்து சேர்ந்துகொண்டார். இன்சுலின் போனது. ஆச்சியை ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டியா?” இரண்டாவது, “சுப்பையாவுக்குத் தெரியுமா?”

“அவுகதான் கார் நம்பரையே சொன்னாக” என்றார் ஆச்சி. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அண்ணனிடம் கேட்டாராம்: “உங்க வீட்டுக்குத் தகவல் தெரியுமா?” தெரியும் என்று அண்ணன் ஆச்சியைக் காட்டினார். சில நாள் உள்ளே இருந்துவிட்டு இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது.

அண்ணன் தப்புச் செய்தாரா என்று கேட்டு எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். தெரியாது. காணாமல் போன ஒரு சிலை கை மாறி வந்த வழியில் அவர் கடையும் இருக்கிறதாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கோர்ட் சொல்லட்டும். நல்லவர் என்று முடிவானவருக்கு மட்டும்தான் இந்த உரிமைகள் என்றால், முடிவாவதற்குள் யாருடைய சர்க்கரையும் காத்திருக்காது.

நேற்றுக் காலை வேலையாக வெளியே கிளம்பினேன். வண்டியை ஸ்டார்ட் செய்கிறேன்... ஆச்சி கேட் அருகே நின்றிருந்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“ஏத்தா, எங்க போறே?”

வண்டியை நிறுத்தி, அட்ரஸோடு சொல்லிவிட்டுப் போனேன். போன காரியம் நன்றாகவே முடிந்தது.