லேடாங் மலையில் பொட்டு வைத்த பை

காலை ஐந்தரைக்கு என்னை உலுக்கி எழுப்பினான் மாணிக்கம், என் மனைவியின் தம்பி. மலை ஏறவேண்டுமாம். கிள்ளானிலிருந்து இரண்டு நாள் லீவில் அவன் ஊரான காஜா பேராங்குக்கு வந்தவன் நான். நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம் என்று நம்பி வந்தேன். தலையெழுத்து!

மாணிக்கத்துக்கு மலைப் பைத்தியம். பிழைப்புக்கு டாக்சி சீட் உறை தைக்கிறான். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த சண்டைக்கால அவசரநிலை முடிந்து காடுகளுக்குப் போகத் தடை நீங்கியதும், பட்டாளத்தார் கழித்துப்போட்ட கூடாரத் துணியை வாங்கி, மெழுகு தேய்த்து, மலை ஏறுகிறவர்களுக்கு முதுகுப் பை தைக்கத் தொடங்கினான். ஒன்றுகூட விற்கவில்லை. இன்று ஒரு சீன வாத்தியார் தன் சாரணர்களோடு வந்து பையைச் சுமந்து பார்க்கிறார். பிடித்தால் இருபது பை. பிடிக்காவிட்டால் தையல் மெஷினை விற்றுவிடுவதாகத் தன் மனைவியிடம் சத்தியம் செய்திருக்கிறான்.

ஆறரை மணி பஸ். மலையடிவாரத்து அசகானுக்கு முப்பது மைல் சொச்சம், ஆளுக்கு ஒரு வெள்ளி டிக்கெட். அங்கே சாரணர்களோடு காத்திருந்த வாத்தியார் மாணிக்கத்தின் பையை முதுகில் மாட்டிக்கொண்டார். மலையோ நாலாயிரம் அடிக்கு மேல். முதல் நூறு அடியிலேயே என் முட்டி முறையிட்டது.

பதினொரு மணிக்குப் பேய்மழை. திடீரென்று பையன்கள், "டாரா! டாரா!" என்று அலறினார்கள். மலாய் மொழியில் ரத்தம் என்று அர்த்தம். வாத்தியாரின் வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் சிவப்பு! மனுஷர் பையை இறக்கி முதுகைத் தடவிப் பார்த்தார்.

"ஐயோ மச்சான், நேத்து பூஜை போட்டு பைக்கு மஞ்சள் குங்குமம் வச்சேன்!" என்றான் மாணிக்கம்.

"எங்கடா வச்ச?"

"முதுகுல படுற பக்கம். வெளிய வச்சா வாத்தியார் ஏதும் கேப்பாருன்னு..."

"நீ உருப்படுவியாடா?"

மாணிக்கம் கையைப் பிசைந்துகொண்டே மலாயில் உண்மையைச் சொன்னான். வாத்தியார் சட்டையைக் கழற்றினார். பையன்களின் பைகளில் ரொட்டியெல்லாம் கூழ். அவர் மாணிக்கத்தின் பையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்றது.

"இருபது தை," என்றார் மலாயில். "சாமி கும்பிட்டுக்கொள். சாயம் மட்டும் வேண்டாம்."

மாணிக்கம் சேற்றிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மறுநாள் கிள்ளான் பஸ்ஸில் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி யோசித்தேன். பதினொரு வருஷமாக ஆபீசில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறேன். ஒரு பிஸ்கட் மொறுக்கென்று சொல்லுமா சொல்லாதா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒருநாளும் நின்றதில்லை. அந்தப் பயல்மேல் பொறாமையாக இருந்தது.