மூன்றாம் ஓலை

என் அப்பா வெள்ளைக்காரர்கள் கட்டிய கோயிலுக்குள் போனது ஒரே ஒரு முறைதான். தன் தங்கையின் கல்யாணத்தை நிறுத்துவதற்காகப் போனார். என்னையும் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, அப்பாவைவிடப் பதினான்கு வயது இளையவள். தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளை வளர்த்தது அப்பாதான். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு வாடகை சைக்கிள் கடை. அத்தை அந்தக் கடையிலேயே வளர்ந்தவள். தெருவில் சைக்கிள் ஓட்டிய முதல் பெண் அவள்தான் என்று சொல்வார்கள். அதைப் பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு, வேறு மாதிரி சொன்னவர்களும் உண்டு. அப்பா அவளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். படித்து முடித்துத் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஒருவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் கிறிஸ்தவர். வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. பிறகு அத்தை ஒரு தகரப் பெட்டியோடு போய்விட்டாள். அத்தைக்கு வெளியூரில் வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றார்.

"மூணாவது ஓலை இன்னிக்குத்தானாம். கடைக்கு வர்ற வாத்தியார் சொன்னாரு. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா எழுந்து சொல்லலாமாம். சொல்லிட்டா கல்யாணம் நின்னுடுமாம்."

அம்மா தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நின்னுட்டா? உங்க தங்கச்சி நேரா இங்க வந்து எனக்குத் தோசை சுட்டுப் போடுவாளாக்கும்."

"நீ பேசாம இரு."

"நான் பேசலைங்க. நீங்கதான் பேசப் போறீங்க. கல்யாண வீட்டுல சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்லக்கூட உங்களுக்கு வாய் வராது. அத்தனை பேருக்கு நடுவுல எழுந்து பேசுவீங்களா?"

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "போறதுன்னா இவளையும் கூட்டிட்டுப் போங்க. பிள்ளை பக்கத்துல இருந்தா கோபம் கொஞ்சம் அடங்கும்."

இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், பாதி புரியவில்லை. ஓலை என்றால் எனக்குக் கூரை வேய்கிற கீற்றுதான் தெரியும். வெள்ளைக்காரன் கோயிலுக்குக் கீற்றுக் கொட்டகை எதற்கு என்று மட்டும் யோசித்தேன். கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறுகளில் மணமக்கள் பெயரைச் சபையில் வாசிப்பதற்கு ஓலை என்று பெயர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

காவிரிப் பாலத்தில் எதிர்காற்று. அப்பா என் தலைக்கு மேல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார். முதலில் ஸ்லோகம் என்று நினைத்தேன். பிறகு வார்த்தைகள் பிடிபட்டன. "நான் பொண்ணோட அண்ணன். இந்தக் கல்யாணத்துல எங்களுக்குச் சம்மதம் இல்லை." பாலம் முடிவதற்குள் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கோயில் கண்டோன்மென்ட் பக்கம், பெரிய மரங்களுக்கு நடுவில் இருந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் ஓடிவந்தார்.

"செருப்ப ஏங்க இங்க விடுறீங்க? நாய் தூக்கிட்டுப் போயிடும். கால்ல போட்டுக்கிட்டே வாங்க, பரவால்லை."

கோயிலுக்குள் செருப்போடு போக அப்பாவுக்கு மனம் வரவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார். ஆண்கள் பக்கம், கடைசிப் பெஞ்சு.

உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி. சாம்பிராணி இல்லை, மணிச் சத்தம் இல்லை, யாரும் யாரோடும் பேசவில்லை. சுவர் முழுக்கச் சலவைக்கல்லிலும் பித்தளைத் தகட்டிலும் பெயர்களாக வெட்டி வைத்திருந்தார்கள். எனக்கு இங்கிலீஷில் எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும். பக்கத்துக் கல்லில் ஒன்பது என்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அந்தப் பெரியவர் குனிந்து, "அது ஒரு துரையோட குழந்தைம்மா. ஒம்பது மாசம். வாந்திபேதியில போயிடுச்சு" என்றார். எங்களுக்கு முன்னால் இருந்த பெஞ்சின் முதுகில் அரைவட்டமாகப் பள்ளங்கள் வெட்டியிருந்தன. அந்தக் காலத்துச் சிப்பாய்கள் பூசைக்கு வந்தால் துப்பாக்கியை அதில்தான் சாய்த்து வைப்பார்களாம். நான் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது.

பூசை தொடங்கியது. எல்லாரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், முழந்தாளிட்டார்கள். அப்பா ஒவ்வொன்றையும் ஒரு கணம் தாமதமாகச் செய்தார். கை மட்டும் என் தோளிலேயே இருந்தது.

கடைசியில் பாதிரியார் ஒரு தாளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் வாசித்தார். பிறகு, எஸ்தர் என்றார். அப்பாவின் முகம் ஒன்றும் புரியாதது போல் ஆயிற்று. ஞானஸ்நானம் கொடுத்து அத்தைக்கு அந்தப் பெயர் வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. தவறான கோயிலுக்கு வந்துவிட்டோம் என்றுகூட அந்தக் கணத்தில் நினைத்திருக்கலாம். அடுத்தபடியாகப் பாதிரியார், "ஸ்ரீரங்கம் காலஞ்சென்ற ரங்கசாமி அவர்களின் குமாரத்தி" என்று வாசித்தார்.

ரங்கசாமி என் தாத்தா. எங்கள் கடைப் பலகையில் இருப்பதும் அவர் பெயர்தான். அத்தனை உயரமான கூரைக்குக் கீழே அந்தப் பெயர் கணீரென்று கேட்டதும் எனக்குப் பெருமையாகிவிட்டது. இதைக் கேட்கத்தான் அப்பா கூட்டிவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இது மூன்றாம் முறை என்றும், தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்றும் பாதிரியார் சொன்னார். அப்பா எழுந்தார்.

பெஞ்சு கிறீச்சிட்டது. கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் ஒரே ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. வெள்ளைச் சேலையால் முக்காடு போட்டிருந்த தலை. அவளுடைய கை பெஞ்சின் ஓரத்தைப் பிடித்திருந்தது. சுண்டுவிரல் வளைந்திருந்தது. சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டி அப்படி ஆன விரல். அப்பாதான் அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். அந்த விரலை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க ஐயா" என்றார் பாதிரியார்.

"நான் பொண்ணோட அண்ணன்."

அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. யாரோ இருமினார்கள்.

"தடை ஏதும் உண்டுங்களா?"

அப்பாவின் கை என் தோளை இறுக்கியது. "இல்லீங்க... அப்பா பேரைத் தப்பா வாசிச்சிட்டீங்க. ரங்கசாமி இல்லை. ரங்கநாதன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ரங்கசாமிதாம்ப்பா" என்று கிசுகிசுத்தேன். அவர் குனியவே இல்லை.

பாதிரியார் தாளைப் பார்த்தார். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அத்தை எழுந்து நின்றாள். அப்போதுதான் திரும்பினாள். அப்பாவை வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. உண்மையில் ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்திருக்கும்.

"ஆமாங்கய்யா. அண்ணன் சொல்றதுதான் சரி."

பாதிரியார் பேனாவை எடுத்துத் திருத்தினார். காலஞ்சென்ற ரங்கநாதன் அவர்களின் குமாரத்தி என்று மறுபடி வாசித்தார். தடை உண்டா என்று மறுபடி கேட்டார். யாரும் எழவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு வெளியே வந்துவிட்டார். பாலத்தில் திரும்பி வரும்போது அவர் எதையும் முணுமுணுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன். "அப்பாவுக்கும் அத்தைக்கும் தாத்தா பேரே மறந்துபோச்சும்மா! எல்லார் முன்னாடியும் தப்பாச் சொல்றாங்க." அம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். "அவ என்ன சொன்னான்னு இன்னொரு தடவை சொல்லு" என்றாள். அதையும் சொன்னேன். அம்மா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

அத்தையின் கல்யாணச் சான்றிதழில் இன்றுவரை ரங்கநாதன் மகள் என்றுதான் இருக்கிறது. அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்ததே இல்லை. பின்னாளில் சர்க்கார் ஆபீசில் அவளுடைய வேறு தாள்களோடு அது ஒத்துப்போகவில்லை என்று அலைக்கழித்தார்கள். திருத்தி வாங்கிவிடலாமே என்று நானே சொன்னேன். "அண்ணன் சொன்ன பேரு, அப்படியே இருக்கட்டும்" என்றுவிட்டாள் அத்தை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த கவலையெல்லாம் வேறு. அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது. நான்தான் அவருக்கு உதவ வேண்டும். சாயங்காலம் சிலேட்டில் தாத்தாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். கடையில் பங்க்சர் ஒட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இனிமேலாவது மறக்காமல் இருக்கட்டும் என்று.

அப்பா கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்க" என்றார்.

சரியான பெயர் தெரிந்திருந்தும் ஏன் தப்பாகச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இனி அப்பாவைப் பற்றிக் கவலையில்லை என்ற நிம்மதியோடு விளையாடப் போய்விட்டேன்.