விடாக்கண்டியும் ஒரு லத்தீன் வேரும்

லத்தீன் மொழியைத் தண்ணீர் தெளித்து, மடித்து, இஸ்திரி போட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் சித்திதான். ரோமாபுரி ராஜாக்கள் அவரைப் பார்த்திருந்தால் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றிருப்பார்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில், நீராவி இஸ்திரி மெஷினுக்கு முன்னால் பத்தொன்பது வருஷமாக நிற்கிறார். முழங்கால் இரண்டும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சூப்பர்வைசர் ஆனால் நாற்காலி உண்டு. ஆனால் மெஷின் புத்தகம் இங்கிலீஷில் இருப்பதால் இன்டர்வியூவும் இங்கிலீஷில்தான். இரண்டு முறை போனார். இரண்டு முறையும் படித்த வார்த்தையெல்லாம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டது. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் விடாக்கண்டி.

“வேர் தெரியாத வார்த்தை என் மண்டையில நிக்காதுடா” என்றார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு அப்படித்தான் உத்தியோகம் கிடைத்தது. நூலகத்துத் தடி அகராதியைப் பார்த்து, தினம் ஒரு வார்த்தை, அர்த்தம், லத்தீன் வேர். கிழிந்த படுக்கை விரிப்புத் துண்டில், துணிக்கு எண் போடுகிற அழியாத மையால் எழுதித் தரவேண்டும். சித்தி அதை மெஷினுக்கு எதிரே குத்திவைத்து, ஒரு விரிப்புக்கு ஒரு தரம் சொல்லுவார். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு.

இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைசி வார்த்தையாக ‘பெர்சிவியர்’ வந்தது. எத்தனை இடைஞ்சல் வந்தாலும் விடாமல் முயற்சி செய்வது. எனக்குக் கை அரித்தது. ‘பெர் என்றால் சேறு, செவெருஸ் என்றால் எருமை, சேற்றை விட்டு எழாத எருமை’ என்று எழுதிவிட்டேன்.

சித்தி மறுகேள்வி கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க “சேறு, எருமை” என்று தினம் முந்நூறு தரம். பக்கத்து மெஷின் அக்கா கூடவே ராகம் போட்டார். முதலில் வயிறு வலிக்கச் சிரித்தேன். நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் வாய் வரவில்லை.

இன்டர்வியூ அன்று காலை, சித்தி வருமுன்னே போய்த் துண்டை மாற்றினேன். ‘பெர் என்றால் முழுக்க. செவெருஸ் என்றால் கண்டிப்பு.’ சித்தி வந்து பார்த்தார், வாய்க்குள் சொல்லிக்கொண்டார், கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆறு பேரில் கடைசியாகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவையாக ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்களாம். சித்தி அந்த வார்த்தையைச் சொல்லி, வேரையும் பிரித்து வைத்தாராம். மெஷின் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுத்தார்களாம். தடுக்கித் தடுக்கிக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாராம். திங்கட்கிழமை முதல் சூப்பர்வைசர் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்தவரிடம், “இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்” என்றேன்.

“தெரியுதே. மூணு மணி நேரமா செவுத்தத் தாங்கிப் பிடிக்கிற வேலை.”

சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டேன்.

“நீ எருமைன்னு எழுதின மறுநாள் எனக்கு லீவு. நேரா லைப்ரரிக்குப் போயிட்டேன்.”

“அப்புறம் எதுக்கு அதையே சொல்லிட்டிருந்தீங்க?”

“நீ எப்ப மாத்த வர்றேன்னு பாக்கத்தான். ரெண்டே நாள்ல வருவான்னு அக்காகிட்டப் பந்தயம் கட்டியிருந்தேன். தோக்கவச்சிட்ட.” என் முகத்தை உற்றுப் பார்த்தார். “கண்ணு ஏன்டா கலங்கியிருக்கு?”

“நீராவி, சித்தி.”

“ஆபீஸ் வாசல்ல ஏதுடா நீராவி?”