கத்ரீனா விரிக்காத படுக்கை

தென்னாப்பிரிக்காவின் பார்ல் பள்ளத்தாக்கில் இருந்த அந்த ஒயின் தோட்டத்து விடுதியில் கத்ரீனா பிலாண்டர் முப்பத்தொரு வருடம் படுக்கை விரித்தாள். இருநூறு வருடப் பழைய வெள்ளை மாளிகை அது. அவள் விரித்த விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்ததாக எந்த விருந்தாளியும் சொன்னதில்லை. ஓய்வு பெறுகிறவர்கள் கடைசியாக ஓர் இரவு விருந்தாளியாகத் தங்கிப் போவது அங்கே வழக்கம். கணவன் தாவித்தோடு அவள் நான்காம் அறைக்கு வந்ததுமே, அவள் இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஷிரீன் வம்புக்கு இழுத்தாள்.

"ஆன்ட்டி, காலையில நீங்களே படுக்கையச் சரி பண்ணிருவீங்கன்னு சமையக்கட்டே பந்தயம் கட்டியிருக்கு."

"தோத்துப் போவீங்கடி! ஒரு நாளாவது நான் கலைச்சத இன்னொருத்தி மடிக்கணும்."

சொல்லிவிட்டாளே தவிர, விடிந்ததும் கை துறுதுறுத்தது. கசங்கிய விரிப்பு கண்ணை உறுத்தியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தேநீர்த் தட்டோடு வந்த ஷிரீன், கலைந்து கிடந்த படுக்கையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்க ஆன்ட்டி! அங்கிள் எங்க?"

கத்ரீனா ஜன்னல் திரையை விலக்கினாள். ஜூலைக் குளிரில், விடுதி கொடுத்த வெள்ளைத் துவாலை அங்கியோடு தாவித் ஏணியில் நின்று, முற்றத்துப் பந்தலின் திராட்சைக் கொடியின் காய்ந்த கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தான். அதே தோட்டத்தின் கவாத்துக்காரன். கத்தரியைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"யோவ், இன்னைக்கு நீ விருந்தாளிய்யா!"

"அதனாலதான் மெதுவா வெட்டுறேன்."

கத்ரீனா தேநீரை வாங்கிக்கொண்டு, கலைந்த படுக்கையிலேயே மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள்.