லூர்துசாமி தேய்த்த தேக்சா

கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவர் லூர்துசாமி. உள்ளே போ, உள்ளே போ என்று அவர் விரட்டிய ஜனத்தை ஒன்றாகச் சேர்த்து நிறுத்தினால் மஞ்சக்குப்பம் மைதானம் கொள்ளாது. அப்படிப்பட்ட மனிதர் இப்போது நாள் முழுக்கப் பேசுவது பத்து வார்த்தை இருந்தால் அதிகம். பால் பாக்கெட் போடுகிறவரிடம் நாலு, வாசலில் படுத்திருக்கும் நாயிடம் இரண்டு, மீதியெல்லாம் தனக்குத் தானே. கடலூர் முதுநகரில் அவர் வீட்டு டிவி மட்டும் காலை ஆறு மணியிலிருந்து அலறிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் ஏதாவது சத்தம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனைவி ஆரோக்கிய ராணி பெங்களூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. மகள் ஜெனிபருக்குப் பிள்ளை பிறந்தது. மூன்று மாசம் பார்த்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று ஒரே ஒரு பையோடு போனாள். பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. மகளின் ஆபீஸில் விடுப்பு முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். “கொழந்தய யாருகிட்டயோ உட்டுட்டுப் போவ மனசு வரலப்பா” என்று பெற்ற மகள் சொன்னால் எந்த அப்பனுக்கு மறுத்துப் பேச வாய் வரும்? லூர்துசாமிக்கும் வரவில்லை.

அவரும் பெங்களூர் போய்ப் பார்த்தவர்தான். இரண்டு அறை வீடு. ஒன்றில் மருமகன் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருப்பார். இன்னொன்றில் ராணி பிள்ளையைத் தூங்க வைப்பாள். லூர்துசாமி ஹால் சோபாவில், தும்மினால்கூட யாராவது விழித்துக்கொள்வார்களோ என்று பயந்து, பதினாறு நாள் உட்கார்ந்திருந்தார். பதினேழாம் நாள் ஊருக்குப் போகிறேன் என்றார். இருக்கச் சொன்னார்கள். ஆனால் இரண்டாம் முறை சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ராணி வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். இந்த கிறிஸ்துமஸுக்காவது அவள் வந்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. நாலு நாள் வந்து முகம் காட்டிவிட்டுப் போவதற்காக அல்ல. வந்து ஒருமுறை தன் அடுப்படியில் நின்றுவிட்டால் போதும், இதுதான் நம் வீடு என்று அவளுக்கு உறைத்துவிடும், திரும்பிப் போக மனசு வராது என்று நம்பிக்கொண்டிருந்தார். தினமும் நம்பினார். நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் இல்லை.

அந்த நம்பிக்கையில்தான் தேக்சா பரணிலிருந்து இறங்கியது. செம்பு தேக்சா, ராணிக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்தது. மூன்று படி அரிசி வேகும். கிறிஸ்துமஸ் அன்று அதில்தான் மட்டன் பிரியாணி. பூசை முடிந்து வரும் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லோருக்கும் அதிலிருந்துதான் தட்டு தட்டாகப் போகும். வேறு யாரும் அந்தப் பாத்திரத்தைத் தொடக் கூடாது. ஒரு வருஷம் லூர்துசாமி சுவருக்குச் சுண்ணாம்பு கலக்கலாம் என்று அதைக் கொல்லைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். கலக்கவில்லை, தூக்கிக்கொண்டு போனார். அதற்கே ராணி கிழி கிழி என்று கிழித்துவிட்டாள். அவள் வாய் அடங்குவதற்குள் அந்த வருஷத்து நாற்பது நாள் தவக்காலமே முடிந்துவிட்டது.

பரணில் கிடந்த இரண்டு வருஷத்தில் தேக்சா கறுத்துப் போயிருந்தது. கழுத்தோரம் பச்சையாகக் களிம்பு வேறு. சபீனா பவுடர் போட்டுத் தேய்த்துப் பார்த்தார், அசையவில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த இருசம்மாள் எட்டிப் பார்த்தாள். முப்பது வருஷத்துப் பக்கத்து வீடு.

“என்னாண்ணே, அண்ணி வராங்களா?”

“வருவா. வர்றதுக்குள்ள இத ரெடி பண்ணி வைக்கணும்மா.”

“பழைய புளியும் கல்லுப்பும் போட்டுத் தேயிங்க. தேச்சி ஒடனே கழுவி, ஈரம் இல்லாம தொடச்சிடணும். ஈரத்தோட உட்டா மறுபடியும் கறுத்துப்புடும்.”

சொன்னபடியே செய்தார். புளியை ஊறவைத்து, உப்பைச் சேர்த்து, கையில் அள்ளி அப்பித் தேய்த்தார். கறுப்பு கரைந்து ஓடியது. அடியிலிருந்து செம்பு, தோல் உரித்த கிழங்கு மாதிரி புதுசாக வந்தது. பழைய யூனிபார்ம் சட்டையைக் கிழித்து ஈரம் போகத் துடைத்தார். தன் முகம் அதில் கோணலாகத் தெரிந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா இருந்த கை சும்மா இருக்குமா? மறுநாள் உள்பக்கம் பார்த்தார். வெளியே இவ்வளவு பளபளப்பு, உள்ளே சாம்பல் நிறமாக ஏதோ படிந்து கிடந்தது. வருஷக்கணக்கான கறிக் கொழுப்பு, ராணி எப்படி இதை விட்டு வைத்தாள் என்று ஆச்சரியப்பட்டார். புளி போட்டார், போகவில்லை. செங்கல் பொடி போட்டார், கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான், மனிதருக்கு வெறி பிடித்துவிட்டது. ஹார்டுவேர் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வந்தார். தேக்சாவைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, தலையை உள்ளே விட்டு, மூன்று நாள் தேய்த்தார். இடுப்பு விட்டுப் போயிற்று. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் உள்ளும் புறமும் ஒரே சிவப்பாக ஜொலித்தது. நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ராணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். உடனே நீல டிக் விழுந்தது.

பிறகு பெருமையாக மதில் சுவர் மேல் தூக்கி வைத்து இருசம்மாளைக் கூப்பிட்டார். அவள் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அய்யய்யோ, என்னாண்ணே செஞ்சி வச்சிருக்கீங்க! உள்ள இருந்தது அழுக்கு இல்லண்ணே, ஈயம்! பூசி வச்சிருந்த ஈயத்த பூரா வழிச்சி எடுத்துட்டீங்களே! இதுல இனிமே தக்காளி தயிரு ஊத்தி ஆக்குனா களிம்பு ஏறி தெருவே வாந்தி எடுக்கும்!”

லூர்துசாமி ஓடிப்போய் போனை எடுத்து, அனுப்பிய போட்டோவை அழிக்கப் பார்த்தார். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. தெரிந்தாலும் என்ன, அவள்தான் பார்த்துவிட்டாளே. போனை மேஜை மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். இப்போது வரும், இதோ வரும் என்று காத்திருந்தார்.

பயம்தான். ஆனால் பயத்துக்கு நடுவே ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்ததை அவரே மறுக்க மாட்டார். இரண்டு வருஷமாக ராணி அவரைத் திட்டவே இல்லை. போனில் பேசினால் சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, இவ்வளவுதான். ஆஸ்பத்திரி நர்ஸும் அதைத்தான் கேட்பாள். இப்போது விஷயம் தேக்சா. விடவே மாட்டாள். இந்தக் கோபத்திலேயே பஸ் ஏறி வந்துவிட்டாலும் வந்துவிடுவாள் என்று நினைத்தார். நினைக்க நினைக்க அது நடந்துவிடும் போலவே இருந்தது.

அன்று போன் வரவில்லை. மறுநாள் ஜெனிபரிடமிருந்து ஒரு வரி வந்தது. பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது, ஒரே அழுகை, அம்மா அப்புறம் பேசுவார்கள். அதற்கு அடுத்த நாள் லூர்துசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் வருவதற்குள் ஈயத்தைப் பூசிவிடலாம் என்று தேக்சாவைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். மேல வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் பின்னால் சந்தில் ஈயம் பூசுகிறவர் இருப்பதாக இருசம்மாள் சொல்லியிருந்தாள்.

அதே ரூட். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஒவ்வொரு ஸ்டாப்பையும் அவர் வாய் தானாக முணுமுணுத்தது. கண்டக்டருக்கு முப்பது வயது இருக்கும். “பெருசு, அந்தப் பாத்திரத்த வழியில வைக்காதீங்க” என்றார். “நானும் இந்த ரூட்ல கண்டக்டருதாம்பா, முப்பத்தோரு வருஷம்” என்றார் லூர்துசாமி. “அப்டிங்களா” என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பஸ்ஸில் கூட்டம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் லூர்துசாமி தேக்சாவை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈயம் பூசுகிறவர் பெயர் சபாபதி. தேக்சாவைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார்.

“யாருங்க இத இப்டி சொரண்டுனது?”

“வீட்டுல வேலைக்கு வந்த ஆளு” என்றார் லூர்துசாமி.

“அந்த ஆள மொதல்ல வேலைய உட்டு நிறுத்துங்க. நல்ல செம்பு, நாலஞ்சு நாள்ல பூசிக் குடுத்துடலாம். ஆனா ஒண்ணு, இதுல ஆக்குறவங்க இருக்காங்களா? சும்மா பரண்ல போட்டு வைக்கறதுக்கு ஈயம் எதுக்கு?”

“இருக்காங்க. கிறிஸ்துமஸுக்கு வந்துடுவாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, சட்டைப் பையில் போன் அடித்தது. ராணி. லூர்துசாமி காதில் வைத்தால் கேட்காதோ என்று ஸ்பீக்கரில் போட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

“சாப்டீங்களா?”

“சாப்ட்டேன். ராணி, அந்த போட்டோ...”

“எந்த போட்டோ?”

“தேக்சா.”

“ஆங், பாத்தேன். பளபளன்னு இருந்துச்சி. இடுப்பு வலிய வச்சிக்கிட்டு ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல?”

“உள்ள நீ பாக்கலியா? ஈயத்த பூரா எடுத்துட்டேன் ராணி. அழுக்குன்னு நெனச்சி உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் பிள்ளை ஏதோ கேட்டது, அவள் அதற்குப் பதில் சொன்னாள். பிறகு இவரிடம் வந்தாள்.

“போனா போவுது, உடுங்க.”

“ஒங்க அம்மா குடுத்தது ராணி.”

“தெரியுங்க. இனிமே யாரு அதுல ஆக்கப் போறா? இருசம்மாளுக்கு வேணும்னா குடுத்துடுங்க, தண்ணி ரொப்பி வச்சிக்கும்.”

“கிறிஸ்துமஸுக்கு நீ...”

“நான் எப்டிங்க வர்றது, இவன வச்சிக்கிட்டு? நீங்க கெளம்பி இங்க வந்துடுங்க. ஜெனி பிரியாணி ஆர்டர் போட்றேன்னு சொல்றா.”

திட்டு ராணி, ஒரு வார்த்தை திட்டு என்று லூர்துசாமிக்குக் கேட்கத் தோன்றியது. அதை எப்படிக் கேட்பது? அப்போதுதான் போனுக்குள் அந்தக் குரல் வெடித்தது. தவக்காலம் முழுக்க முதுநகர் வீட்டை ஆட்டி வைத்த அதே குரல்.

“ஏய் ஜெனி! அந்த நான்ஸ்டிக் சட்டியில கரண்டிய போட்டு சொரண்டாதன்னு ஒனக்கு எத்தினி வாட்டி சொல்றது? கோட்டிங் போச்சின்னா நானாடி திரும்பப் பூசறது? வையி கீழ! எங் கிச்சன்ல எவளும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!”

சந்துக்குள் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. “சரிங்க, அப்புறம் பேசறேன்” என்று இவரிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். லூர்துசாமி போனைப் பார்த்தபடி நின்றார். தன் கிச்சன் என்று அவள் சொன்னது எந்த வீட்டை என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. இனி அவள் வர மாட்டாள். அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

சபாபதியின் காதில் என்ன விழுந்ததோ, எவ்வளவு விழுந்ததோ, பல்லைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்னா சார், வீட்டுல செம டோஸு போல?”

லூர்துசாமி போனைப் பையில் போட்டார். ஈயம் பூசக் கொடுக்காமலே தேக்சாவைத் திரும்ப எடுத்து வேட்டியில் சுற்ற ஆரம்பித்தார்.

“ஆமாங்க” என்றார். “எம் பொண்டாட்டி பொல்லாதவ. பாத்திரத்துல ஒரு கீறல் உழுந்தா, என்னய உட மாட்டா.”