எரிமலையில் கற்பூரம் கொளுத்தியது யார்?

சங்கத் தலைவரே, நீங்கள் பொய் எழுதினீர்கள். "பயண ஏற்பாட்டாளர் விதிகளை எங்களுக்குச் சொல்லவில்லை" என்று நம் ஆண்டு மலரில் எழுதினீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அன்று உங்கள் பின்னால் தேங்காயைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்.

பாரிஸில், நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் அக்காதான் 2016 கோடையில் எங்களைப் பிரான்சின் தெற்கே அர்தெஷ் மலைகளுக்குக் கூட்டிப்போனார். அங்கே அணைந்துபோன எரிமலைகளைப் புவிப்பூங்கா என்று காத்து வைத்திருக்கிறார்கள். நடக்கலாம், பார்க்கலாம், ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது, நெருப்பு வைக்கவே கூடாது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அக்கா பூங்காவுக்குக் கடிதம் எழுதி, ஒரு வழிகாட்டிப் பெண்ணை ஒழுங்கு செய்து, பொறுப்பாளர் என்று கையெழுத்தும் வைத்தார். அடுத்த வருடம் நம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும், இந்த மண்ணும் தங்களுடையது என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பஸ்ஸில் மைக்கைப் பிடித்து விதிகளை இரண்டு தரம் வாசித்தார். நீங்கள் முன் இருக்கையிலிருந்து பாட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொன்னீர்கள்.

மேலே, சிவப்புக் கல் சரிவில், நீங்கள் கற்பூரத்தை எடுத்தீர்கள்.

"அண்ணை, இஞ்சை நெருப்பு வைக்கக் கூடாது. பஸ்ஸிலையே சொன்னனான்."

"நெருப்பு மலைக்கு வந்து கற்பூரம் காட்டாமல் போறதோ பிள்ளை? சாமி கோவிக்கும்."

"சாமி வராது அண்ணை. பொம்பியேக்காரர்தான் நெருப்பணைக்கத் தண்ணியோடை வருவினம்."

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் கொளுத்தினீர்கள். நான் தேங்காயை உடைத்தேன். காற்றடித்தது, காய்ந்த புல் பற்றிக்கொண்டது. அக்கா தன் ஜாக்கெட்டைக் கழற்றி அடித்தார். வழிகாட்டிப் பெண் போத்தல் தண்ணீரை ஊற்றினார். ஒரு பாய் அளவு கருகியதோடு தப்பினோம். "யார் வைத்தது?" என்று அந்தப் பெண் பிரெஞ்சில் கேட்டார். நீங்கள் அக்காவைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். "பொறுப்பாளர் நான்தான்" என்றார் அக்கா. பூங்காவின் புகார் அறிக்கையில் அவர் பெயர்தான் எழுதப்பட்டது. பிறகு பிள்ளைகளின் பயணத்தை நிறுத்தினீர்கள், பழியை மலரில் அவர் மேல் போட்டீர்கள். அக்கா சங்கத்துக்கு வருவதை விட்டார்.

போன வாரம் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உன்னிலை கோவமில்லை தம்பி. ஆனால் அந்த மலரை வாசிச்ச பிள்ளையள் என்னை என்னெண்டு நினைக்குங்கள்?" என்றார்.

இப்போது அதே மலைக்கு "தலைவரின் வழிகாட்டலில்" பயணம் என்று அறிவித்திருக்கிறீர்கள். நான் வாய் மூடி நின்றது என் குற்றம். அதை இந்தத் திறந்த மடலில் என் பெயர் போட்டே எழுதிவிட்டேன். உங்களுடையதை வருகிற பொதுக்கூட்டத்தில், அந்தப் பிள்ளைகள் முன்னால், எழுந்து நின்று சொல்லுங்கள்: கற்பூரத்தைக் கொளுத்தியது யார்?