பதினேழு ராத்திரி சூடாக இருந்த சுவர்

இதைப் படித்துவிட்டுக் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். கதை கட்டத் தெரியாது. பேய் பிசாசு மட்டுமல்ல, கேஸ் கம்பெனிக்காரனின் மீட்டர், டாக்டரின் சிரிப்பு, அக்கம்பக்கத்தார் குசலம் விசாரிப்பது, இது எதையுமே நம்பாதவன். அப்படிப்பட்டவன் என் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். தேதியும் மணியும் சரியாக இருக்கும். துணி வெளுக்கும் ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். மணிக்கொரு தரம் சூட்டை நோட்டில் எழுதிய கை இது.

எங்கள் கட்டடம் நாலு மாடி. வீட்டுக்கு வீடு ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஒருவன் வீட்டில் கேஸ் ஹீட்டர் எரிந்தால் பாதிச் சூடு பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஓசியில் போய்விடும். அதனால் குளிர்காலம் தொடங்கியதும் இங்கே ஒரு விளையாட்டு நடக்கும். யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோரும் ஆடுவார்கள். முதலில் ஹீட்டரைப் போடுகிறவன் ஏமாளி. மற்றவர்கள் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தினமும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால், குளிரா, எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். சொல்கிற உதடு நீலம் பாரித்திருக்கும்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் கடைசி. ஒரு பக்கம் தெரு. மறுபக்கம் ஒரு தையல்காரம்மாள். அறுபது வயதிருக்கும். தனி ஆள். அதனால் எனக்கு எதிராளி அவர் ஒருவர்தான். பத்து வருஷமாக நாங்கள் இருவரும் ஆடினோம். ஏழு தடவை நான் ஜெயித்திருக்கிறேன்.

போன குளிர்காலம் விளையாட்டாக இல்லை. என் வீட்டுக்காரிக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. மூச்சு இழுத்தால் பழைய கதவு திறப்பதுபோல ஒரு சத்தம் வரும். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். குளிர் மார்பில் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார். தாண்டாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பென்ஷனில் ஒன்று மருந்து வாங்கலாம், இல்லையென்றால் கேஸ் எரிக்கலாம். மருந்தை வாங்கினேன். சூட்டுக்கு எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். முன்னறையைப் பூட்டிவிட்டு உள்ளறையில் மட்டும் குடியிருந்தோம். ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகினேன். கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தேன். மெத்தைக்குக் கீழே அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காகப் போட்டேன். பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் காலுறைக்குள் விட்டு அவள் வயிற்றோடு அணைத்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, கட்டிலை இழுத்துத் தையல்காரம்மாள் பக்கத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டேன்.

மாடிப்படியில் அந்த அம்மாளைப் பார்த்தபோது, எங்கள் ஹீட்டர் ரிப்பேர் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். நம்பவில்லை. சிரித்தார்.

"பாய்லர் ஆள் வீட்டுலயே ரிப்பேரா? நல்லா இருக்கே அண்ணே."

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அந்த மாதம் நாலாம் தேதி ராத்திரி. வெளியே தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்து கிடந்தது. மணி பதினொன்று நாற்பது. தூங்கிக்கொண்டிருந்தவள் என்னைத் தொட்டு எழுப்பினாள்.

"ஏங்க... சுவரு சுடுது."

கை வைத்துப் பார்த்தேன். சுட்டது என்று சொல்ல முடியாது. வெதுவெதுப்பு. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். தையல்காரி தோத்துட்டா என்றேன். இவள் சிரிக்கவில்லை. பாவம் என்றாள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் விடியும்வரை இருமாமல் தூங்கினாள்.

அடுத்த நாளும் சூடு வந்தது. அதற்கடுத்த நாளும். ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு வரும், விடிந்தால் போய்விடும். ஒரு வாரத்தில் இவள் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தாள். உதட்டில் ரத்தச் சிவப்புத் திரும்பியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் பாய்லர் பார்த்த புத்தி சும்மா இருக்குமா? சில விஷயங்கள் உறுத்தின.

சூடு மேலே ஏறும். அது அதன் குணம். ஹீட்டர் எரிந்தால் சுவரின் மேல்பாதி அதிகமாகச் சுட வேண்டும். நான் ஸ்டூல் போட்டு ஏறித் தடவிப் பார்த்தேன். மேலே ஐஸ். நடுவிலும் ஐஸ். கட்டில் உயரத்தில் மட்டும் சூடு. அதுவும் சுவர் முழுக்க இல்லை. நீளவாக்கில் ஓர் ஐந்தடி. அகலம் ஒன்றரை அடி.

ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்த அளவு.

பத்தாம் தேதி ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். தையல்காரம்மாளின் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக உறைபனி பூத்திருந்தது. வெள்ளையாக, தடியாக. சூடான அறையில் அப்படிப் பூக்காது. எங்கள் ஜன்னலில்கூட அவ்வளவு இல்லை.

மீட்டருக்குத் தெரியாமல் ஏதாவது தில்லுமுல்லு செய்கிறாரோ என்றுதான் சந்தேகப்பட்டேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

இன்னொன்று, சத்தம். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்கும்.

கட கட கட கட...

நிற்கும். மறுபடி... கட கட கட. தையல் மிஷினை மெதுவாக ஓட்டுகிறார், அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர் தூக்கத்தைக் கெடுக்கிறாரே என்று முணுமுணுத்தேன். ஓசிச் சூடு வாங்கிக்கொண்டு சண்டைக்குப் போக முடியாது.

இருபதாம் தேதி.

அந்த வருஷத்திலேயே கொடுமையான குளிர் அன்றைக்குத்தான். பாட்டில் வெந்நீர் ஒரு மணி நேரத்தில் ஆறிப்போனது. விளக்கை அணைத்துப் படுத்தோம். பதினொன்று நாற்பதுக்குச் சூடு வந்தது. ஆனால் குறைவாக இருந்தது.

இரண்டு ஐம்பதுக்கு விழித்தேன். இவள் மூச்சு சரியில்லை. இழுக்கிறாள்... விடவில்லை. இழுக்கிறாள்... விடவில்லை. கை ஜில்லென்று இருந்தது.

எழுந்து, அவளைச் சுவர்ப் பக்கமாக நன்றாக நகர்த்தினேன். சூடு எங்கே இருக்கிறது என்று இருட்டில் தடவினேன். தட்டுப்பட்டது. உள்ளங்கையை அழுத்தி வைத்தேன்.

அது நகர்ந்தது.

ஆமாம். சுவருக்குள்ளே சூடு நகர்ந்தது. என் கையை விட்டு விலகி அவள் முதுகுப் பக்கம் போனது. நான் கையை அங்கே கொண்டுபோனேன். மறுபடியும் விலகியது. நெரிசலான பஸ்ஸில் ஒருவர் ஒதுங்கி இடம் விடுவாரே, அப்படி.

என் கை அதற்கு வேண்டாம். அவள் முதுகுதான் வேண்டும்.

கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இவள் மூச்சு விட்டாள். நீளமாக. அடுத்த மூச்சு ஒழுங்காக வந்தது.

அப்போது அந்தச் சத்தம்...

கட கட கட கட.

மணி மூன்று பத்து. சுவரில் காதை வைத்தேன். இதற்கு முன்னால் நான் காது வைத்துக் கேட்டதில்லை.

மிஷின் இல்லை.

பல்.

குளிரில் பல் அடித்துக்கொள்ளும் சத்தம். நடுவில் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. ஸ்ஸ்... மறுபடி, கட கட கட.

என் காதுக்கு நேர் எதிரே. ஒரு செங்கல் தூரத்தில்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மூன்று இருபது. நடைவழி விளக்கு எரியவில்லை. அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தேன். விரல் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு குளிர். கதவடி இடுக்கில் துணி செருகியிருந்தது. உள்பக்கமிருந்து.

தட்டினேன்.

சத்தம் நின்றது.

யம்மா என்று கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல... ஓடி வந்து என் கதவைத் தாழிட்டேன்.

இவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இருபது நாளாகத் தானாக எழுந்து உட்காராதவள். உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தாள்.

"அவங்களையும் இங்க கூட்டிட்டு வாங்களேன்."

"யாரை?"

"பக்கத்து வீட்டம்மாவ. ரொம்பக் குளிருதாம்."

"யாரு சொன்னா?"

"அவங்கதான்..."

படுத்துத் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. எழுந்து போய் ஹீட்டரைப் போட்டேன். ஏழாவது தீக்குச்சிக்குத்தான் பற்றியது.

சுவரில் சூடு நாலு மணிக்கே போய்விட்டது.

காலை ஏழு மணிக்குக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சாவிக்காரனைக் கூட்டிவந்தேன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாங்க பெரியவரே, ரெண்டு வாரமா ஆளையே காணோம் என்றான். ரெண்டு வாரமா என்று கேட்டேன். ஆமா என்றான்.

கதவைத் திறந்தான். செருகியிருந்த துணி தடுத்தது. தோளால் இடித்துத் தள்ளினான்.

அந்த அறையே ஐஸ் பெட்டி. அதனால்தான் வாடை வந்திருக்கவில்லை. கட்டில் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. என் கட்டிலுக்கு நேர் மறுபக்கம். இருக்கிற துணியெல்லாம் உடம்பில் சுற்றிக்கொண்டு, ஒருக்களித்து, முகத்தைச் சுவரில் வைத்தபடி படுத்திருந்தார். ஒரு கை விரல்களை விரித்துச் சுவரில் வைத்தபடியே விறைத்திருந்தது. நான் தொப்பியைக் கழற்றினேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துவிட்டு, குளிரில்தான் போயிருக்கிறார், இரண்டு வாரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும் என்றார்கள். எந்த நாள் என்பதை அவர்கள் சொல்ல வேண்டியதில்லை. மிஷினில் பாதி தைத்த பாவாடை ஒன்று ஊசியோடு நின்றிருந்தது. அதில் குத்தியிருந்த சீட்டில், கொடுக்க வேண்டிய நாள் என்று ஐந்தாம் தேதி போட்டிருந்தது. ஐந்தாம் தேதி காலையிலேயே பாவாடையைத் தைக்கக் கொடுத்தவள் வந்து, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாளாம்.

நாலாம் தேதி ராத்திரி அவர் போயிருக்கிறார். அன்றைக்குத்தான் எங்கள் சுவர் சூடானது.

கேஸ் கம்பெனி ஆள் வந்து மீட்டரைப் பார்த்தான். கோடையில் இருந்த எண்ணிலேயே இருந்தது. அந்த வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு நிமிஷம்கூட ஹீட்டர் எரியவில்லை. நான் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். பார்த்தான். அதே எண்தான்.

என் வீட்டுக்காரி பிழைத்துக்கொண்டாள். டாக்டருக்கே ஆச்சரியம். குளிர் போனதும் அவளாகவே படியிறங்கிக் காய்கறிக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். மருந்தை இப்போது பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இந்தக் குளிர்காலத்துக்கு முதல் ஆளாக நான்தான் ஹீட்டர் போட்டேன். ராத்திரியெல்லாம் எரிகிறது. கட்டடத்தில் என்னை ஏமாளி என்று யாரும் சொல்லவில்லை. ஹீட்டர் எரிந்து அறை முழுக்கச் சூடாக இருந்தாலும், அந்தச் சுவரில் ஐந்தடி நீளத்துக்கு மட்டும் ஐஸ் மாதிரி இருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. கட்டிலை நகர்த்தலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்கிறாள்.

ஒன்றை மட்டும் இவளிடம் நான் சொல்லவில்லை. போன வாரம்தான் எனக்கே தெரிந்தது. தெருமுனைக் கடைக்காரி உருளைக்கிழங்கை நிறுத்துக்கொண்டே, பேச்சுவாக்கில் தையல்காரம்மாளைப் பற்றி எடுத்தாள். அந்த மூணாம் தேதி அவர் கடைசியாகக் கடைக்கு வந்தபோது உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தாராம். கையில் காசில்லாவிட்டால் நான் தருகிறேன், போய் ஹீட்டரைப் போடுங்கள் என்று கடைக்காரி சொல்லியிருக்கிறாள். அதற்கு அந்த அம்மாள் சொன்னாராம்:

"இன்னும் ஒருநாள் பொறுத்துக்கறேன். கட்டிலைக்கூட அவங்க சுவரோட நகர்த்திட்டேன். உடம்புக்கு முடியாத பொண்டாட்டியை வச்சுக்கிட்டு, அந்த மனுஷன் ஹீட்டர் போடாமலா இருப்பாரு?"